மஞ்சள் இயர் மஃப் ரிவ்யூ: வாசல் தாண்டவே வயித்தக் கலக்குறவங்களுக்கு

மொதல்லயே சொல்லிடுறேன், இது பாட்டு கேக்குற ஹெட்போன் இல்ல. வயர் கிடையாது, ப்ளூடூத் கிடையாது, சார்ஜ் போடவும் வேண்டாம். ஃபேக்டரில மெஷின் பக்கத்துல நிக்குறவங்க, ஏர்போர்ட்ல ஃப்ளைட்டுக்கு கை காட்டுறவங்க காதுல மாட்டியிருப்பாங்களே, அந்த இயர் மஃப் தான். நல்ல பளிச்சுனு மஞ்சள் கலர். வெல 650 ரூபா. சென்னை பாரிஸ் கார்னர்ல சேஃப்டி ஷூ, ஹெல்மெட், க்ளவுஸ் எல்லாம் விக்குற ஒரு கடைல அப்பா வாங்கிட்டு வந்தாரு. அஞ்சுக்கு நாலரை குடுக்கலாம். அர மார்க் எங்க போச்சுன்னு கீழ சொல்றேன், கொஞ்சம் பெரிய ரிவ்யூ தான், பொறுமையா படிங்க.

நான் வடபழனி பக்கம் இருக்கேன், வயசு 24, காலேஜ் மூணாவது வருஷம் படிக்கும்போது தான் எனக்கு ஆட்டிசம்னு தெரிஞ்சுது. அதுக்கு முன்னாடி வரைக்கும் கூச்ச சுபாவம், பிடிவாதம், சோம்பேறி, "ரொம்ப செல்லம் குடுத்துட்டீங்க", இது எல்லாமே எனக்கு வச்ச பேரு. காலேஜ் முடிஞ்சதும் வேலைய வீட்ல இருந்தே பாக்குற மாதிரி பாத்துக்கிட்டேன், அப்புறம் மெதுவா வெளிய போறது கொறஞ்சு, கடைக்கு போறது நின்னு, கடைசில மாடிக்கு துணி காயப்போட போறதுக்கே மனசு வரல. வெளிய போக பிடிக்காதுன்னு நெனைக்காதீங்க, பிடிக்கும். எக்மோர்ல கன்னிமாரா லைப்ரரி இருக்குல்ல, 1896ல தொறந்தது, அந்த பழைய கட்டடத்த பாத்துட்டு வந்தாலே எனக்கு ஒரு வாரம் ஓடும். வடபழனில மெட்ரோ ஏறுனா எக்மோர்ல எறங்கலாம், நடுவுல வண்டி மாற வேண்டாம். இவ்ளோ ஈசியா இருந்தும் போக முடியல. அது தான் யாருக்கும் புரியாது.

ஏன் முடியலன்னா, நான் பயந்தது சத்தத்துக்கு மட்டும் இல்ல, அது எப்ப வரும்னு தெரியாததுக்கு. ஆற்காடு ரோட்ல நடக்கும்போது பின்னாடி ஒரு பஸ்காரர் ஏர் ஹாரன் அடிச்சாருன்னா எல்லாருக்கும் தூக்கி வாரிப்போடும், அடுத்த நிமிஷம் திட்டிட்டு நடந்துடுவாங்க. எனக்கு அப்படி முடியாது, உடம்பு முழுக்க கரன்ட் அடிச்ச மாதிரி ஆகும், அதுக்கப்புறம் யாராவது பேசுனா வார்த்தை காதுல விழும் ஆனா அர்த்தம் வராது, வாயத் தொறந்தா பேச்சும் வராது. வீட்டுக்கு வந்து லைட்ட அணைச்சுட்டு படுத்தா அன்னிக்கு பொழுது போச்சு, சில சமயம் அடுத்த நாளும் போச்சு. அதனால நாளைக்கு வெளிய போகணும்னா முந்தின ராத்திரியே மூளை கணக்கு போட ஆரம்பிச்சுடும், இது போனா எவ்ளோ செலவு ஆகும், திரும்பி வந்து எத்தன மணி நேரம் படுக்கணும்னு. காலைல ட்ரெஸ் பண்ணி பேக் எடுத்து செருப்பு ஸ்டாண்டு வரைக்கும் வந்து அங்கயே நின்னுடுவேன். அம்மா "கெளம்பிட்டு ஏன்டி நிக்குற"ன்னு கேப்பாங்க. பதில் இருக்காது.

இது நம்ம மனசு பலவீனம்லாம் இல்ல. டாக்டருங்க ஆட்டிசம் மாதிரி நிலைகள கண்டுபிடிக்க வச்சிருக்குற அளவுகோல் புத்தகம் டிஎஸ்எம்-5, 2013ல வந்தது, அதுல சத்தம், வெளிச்சம், தொடுறது இதுக்கெல்லாம் அதிகமாவோ கம்மியாவோ ரியாக்ட் பண்றதையும் ஆட்டிசத்தோட அடையாளத்துல ஒண்ணா சேத்துட்டாங்க. நம்ம ஊர் சட்டத்துலயும் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல இருக்குற 21 வகைல ஆட்டிசம் இருக்கு. ஆனா சட்டத்துல இருந்து என்ன, ஆடி மாசம் தெரு முனைல கட்டுற ஸ்பீக்கருக்கு சட்டம் தெரியாதே.

சரி பொருளுக்கு வருவோம்.

அப்பா கடைக்குப் போனப்ப கடைக்காரர் கேட்ட மொத கேள்வி "எந்த கம்பெனிக்கு சார், எத்தன பீஸ்?" அப்பா ஒரே ஒரு பீஸ், பொண்ணுக்குன்னு சொன்னதும் அவரு ஒரு நிமிஷம் முழிச்சிருக்காரு. அப்புறம் நல்ல மனுஷன், மூணு மாடல எடுத்து குடுத்து, போட்டு பாக்கச் சொல்லுங்க, பிடிக்காதத அழுக்கு ஆகாம திருப்பிக் குடுத்துடுங்கன்னு சொல்லி அனுப்பினாரு. இது ரொம்ப முக்கியம், ஏன்னா இத போட்டு பாக்காம வாங்கவே கூடாது. ஒண்ணு தலைய நண்டு புடிச்ச மாதிரி இறுக்குச்சு, அஞ்சு நிமிஷத்துல கழட்டிட்டேன். இன்னொண்ணு லூசு, தலைய ஆட்டுனா நகருது. இந்த மஞ்சள் தான் சரியா உக்காந்துச்சு. இறுக்கம் கொஞ்சமாவது இருந்தே ஆகணும், அந்த குஷன் வளையம் காத சுத்தி தோலோட ஒட்டி நின்னா தான் சத்தம் உள்ள வராது, ஒரு சின்ன இடைவெளி இருந்தாலும் அது வழியா எல்லாம் வந்துடும். எனக்கு இந்த இறுக்கமே பிடிக்கும், போட்டதும் தோள் ரெண்டும் தானா கீழ எறங்கும். ஆனா ஆட்டிசத்துல எல்லாரும் ஒரே மாதிரி கிடையாது, தலைல எதுவும் படவே கூடாதுன்னு இருக்குறவங்களும் இருக்காங்க, அவங்களுக்கு இது தண்டனை தான்.

டப்பால என்ஆர்ஆர் 27னு போட்டிருக்கும். என்ஆர்ஆர்னா சத்தத்த எத்தன டெசிபல் (சத்தத்த அளக்குற அலகு) குறைக்கும்னு லேப்ல வச்சு டெஸ்ட் பண்ணி அமெரிக்கா முறைல குடுக்குற நம்பர், ஐரோப்பா முறைல எஸ்என்ஆர்னு வேற நம்பர் போடுவாங்க, ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடாதீங்க. லேப்ல நல்லா மாட்டி டெஸ்ட் பண்றாங்க, நம்ம கண்ணாடி, முடி, தோடு எல்லாத்தோடவும் மாட்டுறோம், அதனால அந்த நம்பர் அப்படியே கிடைக்காது. அமெரிக்கால தொழிலாளர் பாதுகாப்பு ஆராய்ச்சி பண்ற நையோஷ்னு ஒரு அரசு அமைப்பு இருக்கு, அவங்க 1998ல சொன்ன கணக்கு என்னன்னா இயர் மஃப்னா கால்வாசி கழிச்சுக்கோ, காதுக்குள்ள சொருகுற ஃபோம் ப்ளக்னா பாதி கழிச்சுக்கோ. 27ல கால்வாசி போனா 20. போன்ல சத்தம் அளக்குற ஆப் இருக்குல்ல, அது பெரும்பாலும் காட்டுறது வேற ஸ்கேல், அந்த அளவுல வச்சு கணக்கு பண்ணா இன்னும் 7 கழிக்கணும். கைல மிஞ்சுறது 13. "ப்ச், 27ன்னு சொல்லிட்டு 13 தானா"ன்னு தோணும். ஆனா டெசிபல் கணக்கு நம்ம கூட்டல் கழித்தல் மாதிரி இல்ல, 10 டெசிபல் குறைஞ்சாலே சத்தத்தோட சக்தி பத்துல ஒரு பங்கா ஆயிடும், காதுக்கு ஏறக்குறைய பாதி சத்தமா தெரியும். வடபழனி சிக்னல்ல நின்னு ஆப்ல பாத்தா 80க்கு மேல போகும். அதுல 13 போனா 70 கிட்ட. ரூல் புக்ல குடியிருப்பு பகுதிக்கு பகல்ல 55 டெசிபல்னு 2000வது வருஷத்து விதில எழுதியிருக்கு, கடை வீதிக்கு 65. அதாவது மஃப் போட்டா தான் எனக்கு கடை வீதிக்குன்னு கவர்மென்ட் சொன்ன அளவுக்கு பக்கத்துலயாவது வருது, சிரிப்பு தான் வருது.

நம்பர விடுங்க, எந்த சத்தம் போகுது எது போகலங்கறது தான் விஷயம். கீச்சுனு, சுருக்குனு இருக்குற சத்தத்த இது நல்லா அமுக்கும். ஹாரன், விசில், ஓட்டல்ல எவர்சில்வர் தட்ட தூக்கி டப்புல போடுற சத்தம், குழந்தைங்க கத்துறது, கிரைண்டிங் மெஷின், இதெல்லாம் எங்கயோ பக்கத்து தெருவுல நடக்குற மாதிரி ஆயிடும். ஹாரன் சத்தம் குத்துற பகுதி எதுவோ, இந்த மஃப் நல்லா தடுக்குற பகுதியும் அதே தான், அது என்னோட அதிர்ஷ்டம். ஆனா கனமான அடி சத்தம், பஸ் இன்ஜின் உறுமுறது, ஜெனரேட்டர், கல்யாண மண்டபத்துல வைக்குற பாக்ஸ்ல நெஞ்சுல வந்து இடிக்குமே அந்த பாஸ், இதெல்லாம் பெருசா குறையாது. அது காது வழியா மட்டும் இல்ல, உடம்பு வழியாவும் வருது. அதனால கல்யாண ரிசப்ஷன், தெரு பூஜை பாட்டு கச்சேரிக்கெல்லாம் இத நம்பி போகாதீங்க.

எங்க அண்ணன் ஒரு நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் வச்சிருக்கான், அதோட வெலைல முப்பது மஃப் வாங்கலாம், அதையும் கடன் வாங்கி போட்டு பாத்தேன். அது அப்படியே மஃப்புக்கு எதிர்ப்பக்கம். அதுல இருக்குற மைக் வெளிய வர்ற சத்தத்த கேட்டு அதுக்கு நேர் எதிரான அலைய உள்ள விடும், ரெண்டும் சேந்து அடங்கிடும். ஒரே மாதிரி ஓடிட்டு இருக்குற கனமான சத்தம்னா, பஸ் இன்ஜின், ஏசி, ஃபேன், மேஜிக் மாதிரி காணாம போகும். கோயம்பேடு தாண்டி மெட்ரோ சுரங்கத்துக்குள்ள எறங்குனதும் ஒரு "ங்ங்ங்"னு வருமே, அதுக்கு அது தான் ராஜா, என் மஞ்சள் அங்க டம்மி. ஆனா திடீர்னு ஒரு ஹாரன், ஒரு பட்டாசு, அத அவ்ளோ நல்லா தடுக்க மாட்டேங்குது. எனக்கு தூக்கி வாரிப்போடுறது திடீர் சத்தம் தான, அதனால ரோட்டுக்கு மஃப், சுரங்கத்துக்கு ஹெட்போன்னு முடிவு. இன்னொரு விஷயம், நாய்ஸ் கேன்சலிங் போட்டா சில பேருக்கு காது அடைச்ச மாதிரி ஒரு அழுத்தம் தெரியும், எனக்கும் லேசா தெரிஞ்சுது. அதவிட, பேட்டரி தீரப்போகுதுன்னு காதுக்குள்ளயே ஒரு பொம்பள குரல் திடீர்னு இங்கிலீஷ்ல சொல்லும் பாருங்க, திடீர் சத்தத்துக்கு பயந்து போடுற பொருளே திடீர்னு பேசுனா எப்படி. மஞ்சளுக்கு பேட்டரியும் இல்ல, வாயும் இல்ல.

ஃபோம் ப்ளக் பத்தியும் கேப்பீங்க. ஜோடி 15 ரூபா, பாக்கெட்ல கெடக்கும், யாரும் பாக்க மாட்டாங்க. அப்பா பைக்ல பின்னாடி உக்காந்து போறதுன்னா ஹெல்மெட் போடணும், ஹெல்மெட்டுக்குள்ள மஃப் போகாது, அப்ப இது தான் ஒரே வழி. நல்லா மெலிசா உருட்டி, இன்னொரு கையால தலைக்கு பின்னாடி வழியா வந்து காத மேல பின்பக்கமா இழுத்து, உள்ள விட்டு, அது விரியுற வரைக்கும் விரலால ஒரு அர நிமிஷம் புடிச்சுக்கணும். ஆனா இத போட்டா நம்ம பேசுறது, முழுங்குறது, நடக்குற காலடி எல்லாம் மண்டைக்குள்ள டொம் டொம்னு கேக்கும். சில பேருக்கு அது ஒண்ணுமே இல்ல, எனக்கு இட்லி சாப்பிடுற சத்தத்த என் தலைக்குள்ளயே கேக்கறது ஹாரன விட கொடுமை. ப்ளக் மேல மஃப்பும் போட்டா ரெண்டு நம்பரும் கூடும்னு சில பேர் நெனைக்குறாங்க, கூடாது, பெரிய நம்பரோட ஒரு 5 டெசிபல் சேரும், அவ்ளோ தான்.

இப்ப ரோட்ல போட்டுட்டு போனா என்ன ஆகும்னு சொல்றேன், எல்லாரும் தயங்குறது இங்க தான். ஆற்காடு ரோட்ல ரெண்டாம் கட்ட மெட்ரோ வேலை நடக்குது, ஊர் முழுக்க 100 கிலோமீட்டருக்கு மேல போகப்போற லைன், எங்க பாத்தாலும் தடுப்பு, கிரேன், மஞ்சள் தொப்பி போட்ட ஆளுங்க. அதுக்கு நடுவுல நான் மஞ்சள் மஃப் மாட்டிட்டு நடந்தா என்ன ஆகும்? பூக்காரம்மா கூப்ட்டு கேட்டாங்க, "ஏம்மா, மெட்ரோலயா வேலை பாக்குற? எப்ப தான் முடிப்பீங்க, யாவாரமே படுத்துப்போச்சு." நான் என்ன சொல்றதுன்னு தெரியாம "சீக்கிரம் முடிஞ்சிடும்"னு சொல்லிட்டு வந்துட்டேன். இப்ப அந்த வழியா போனா தள்ளுபடில பூ குடுக்குறாங்க, சொல்லி திருத்தவும் எனக்கு தெம்பு இல்ல. முறைச்சு பாக்குறவங்க இருக்காங்க, சின்ன பசங்க சிரிப்பாங்க, ஆனா ஒரு நல்லது, யாரும் வந்து தேவையில்லாம பேச்சு குடுக்குறது இல்ல. ஹெட்போன் போட்டா "பாட்டு கேட்டுட்டு அலட்சியமா நிக்குது பாரு"ன்னு கண்டக்டர் கோவப்படுவாரு, இத போட்டா என்னவோ காரணம் இருக்குன்னு அவரே கை காட்டி எங்க போகணும்னு கேக்குறாரு. ஒயிட் போர்டு பஸ்ல பொண்ணுங்களுக்கு டிக்கெட் ஃப்ரீ தான், காசு சில்லறைன்னு பேச வேண்டியதில்ல, போற எடத்த போன்ல டைப் பண்ணி காட்டிடுவேன், வேலை முடிஞ்சுது.

எங்க அம்மாவுக்கு மொதல்ல இது சுத்தமா பிடிக்கல. பொண்ணு பாக்க வர்ற வயசுல காதுல சட்டிய மாட்டிட்டு போறாளேன்னு. எதிர்வீட்டு ஆன்ட்டி "என்னக்கா, உங்க பொண்ணுக்கு காது கேக்காதா"ன்னு கேட்டுட்டாங்க, அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுல உப்பே இல்ல. ஆனா கொஞ்ச நாள் போனதும் அம்மாவே கவனிச்சிருக்காங்க, மஃப் போட்டு போயிட்டு வர்ற அன்னிக்கு நான் லைட்ட அணைச்சுட்டு படுக்கல, கிச்சன்ல வந்து நின்னு லைப்ரரில பாத்தத சொல்லிட்டு இருக்கேன்னு. அடுத்த வாட்டி ஆன்ட்டி கேட்டப்ப "அவளுக்கு கேக்குது, உங்களுக்கும் எனக்கும் கேக்குறத விட ஜாஸ்தியா கேக்குது, அதான்"னு சொல்லிட்டு கதவ சாத்திட்டாங்க. நான் உள்ள இருந்து கேட்டுட்டு இருந்தேன். இதுக்காகவே ஒரு மார்க் சேத்து குடுக்கலாம், ஆனா அது மஃப்புக்கு சேராது.

இப்ப முக்கியமானது, ரோடு தாண்டுறது. மஃப் போட்டுட்டு ரோடு க்ராஸ் பண்ணாதீங்க. நான் சிக்னல் வந்ததும் ரெண்டையும் கழுத்துக்கு எறக்கிடுவேன், தாண்டுனதும் திரும்ப ஏத்திப்பேன். பேட்டரி ஸ்கூட்டர்லாம் சத்தமே இல்லாம வருது, ராங் சைடுல வர்றவங்க ஹாரன் அடிச்சு தான் வழி கேப்பாங்க, அது நமக்கு கேக்கலன்னா அவங்க தப்பா இருந்தாலும் அடிபடுறது நாம தான். ரயில் தண்டவாளம் பக்கம் போட்டுக்கிட்டு போகவே போகாதீங்க. இருட்டுனதுக்கு அப்புறம் தனியா நடக்கும்போதும் போடுறதில்ல, பின்னாடி யாரு வர்றாங்கன்னு தெரியணும், இத அம்மா சொன்னப்ப எரிச்சலா இருந்துச்சு ஆனா அவங்க சொல்றது சரி தான்.

அடுத்து வெயில். இங்க தான் அர மார்க் போச்சு. இது ஏசி ஃபேக்டரிக்கு செஞ்சதா குளிர் நாட்டுக்கு செஞ்சதா தெரியல, மே மாசத்துல பத்து நிமிஷத்துல காத சுத்தி வேர்த்து ஊத்தும், குஷன் வழுக்கும், அரிக்கும். கண்ணாடி போடுறவங்களுக்கு காம்பு நடுவுல நின்னு சத்தம் உள்ள வரும், மெல்லிசு காம்பு ஃப்ரேமா இருந்தா பரவால்ல. தொங்கட்டான் ஜிமிக்கி போட்டுட்டு மாட்டுனா அமுங்கி வலிக்கும். உச்சில கொண்டை போட்டா பட்டை உக்காராது, பின்னல் தாழ்வா போட்டுக்கணும், பூ வச்சா நசுங்கும். துப்பட்டாவ மேல போட்டு மறைக்கலாம்னு பாத்தேன், நகரும்போது துணி உரசுற சத்தம் உள்ள பெருசா கேக்குது, விட்டுட்டேன். வேர்வைல குஷன் தோல் ஒரு வருஷத்துக்குள்ள வெடிக்க ஆரம்பிச்சுடும், வந்ததும் ஈரத்துணில தொடச்சு நிழல்ல வச்சா கொஞ்சம் கூட நாள் வரும்.

இன்னொண்ணு, இத எனக்கு யாரும் சொல்லாம இருந்திருந்தா இந்த பொருளே என்ன கவுத்திருக்கும். வீட்டுக்குள்ள இத போட்டுக்காதீங்க. எனக்கு ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட காரியங்கள செய்ய பழக்குற சிகிச்சை) பாக்குற அக்கா மொத நாளே கறாரா சொல்லிட்டாங்க, அமைதியா இருக்குற எடத்துல காத மூடியே வச்சிருந்தா காது இன்னும் ஜாஸ்தியா கேக்க பழகிடும், அப்புறம் மிக்சி சத்தத்துக்கே தாங்காதுன்னு. காது டாக்டருங்களும் சத்தம் தாங்காதவங்களுக்கு இதே தான் சொல்றாங்க. அதனால வீட்ல கெடையாது, கழுத்துல தொங்கும், அவ்ளோ தான். கேட் தாண்டுனாலும் கழுத்துல தான் இருக்கும், தேவைன்னா மட்டும் காதுக்கு போகும்.

இப்படி கழுத்துல தொங்கவிட்டுட்டே தான் கேட் வரைக்கும் போய் நிக்குறது, அது சலிச்சதும் முக்கு பெட்டிக்கடை வரைக்கும், அப்புறம் பஸ் ஸ்டாப் போய் ஏறாம திரும்புறது, அப்புறம் ஒரே ஒரு ஸ்டேஷன் மெட்ரோல போய் அரும்பாக்கத்துல எறங்கி அடுத்த வண்டில திரும்புறதுன்னு நீட்டிக்கிட்டே போனோம். ஒவ்வொரு வாட்டியும் "முடியலன்னா எங்க இருந்து திரும்பலாம்"னு முன்னாடியே பேசி வச்சிருப்போம். திரும்பி வந்தா யாரும் "ச்ச, இவ்ளோ தூரம் வந்துட்டு"ன்னு சொல்லக் கூடாதுங்கறது அப்பாவுக்கு போட்ட கண்டிஷன். மெட்ரோல ஒரு வசதி, அடுத்த ஸ்டேஷன் என்னன்னு சொல்லிட்டே வருவாங்க, எந்தப் பக்கம் கதவு தொறக்கும்னும் சொல்வாங்க. எனக்கு அது போதும், அடுத்து என்னன்னு தெரிஞ்சா பாதி பயம் போயிடும். எனக்கு தோணுறது என்னன்னா, இந்த 650 ரூபா காதுல இருக்குற நேரத்துல செய்யுற வேலைய விட காதுக்கு போகாம கழுத்துல இருக்கும்போது செய்யுற வேலை தான் பெருசு. சில நாள் எக்மோர் போயிட்டு வர்ற வரைக்கும் ஒரு தடவை கூட காதுல மாட்டியிருக்க மாட்டேன். ஆனா அது இல்லாம செருப்பு போட்டிருக்க மாட்டேன். சத்தம் எப்ப வரும்னு இன்னும் தெரியாது தான், வந்தா என்ன பண்ணணும்னு தெரியும். செருப்பு ஸ்டாண்டுல நின்னு கணக்கு போடும்போது செலவு பக்கம் ஒரு பெரிய தொகை கொறஞ்ச மாதிரி.

ஆனா இது எல்லாத்துக்கும் மருந்து இல்லங்க, விக்குறவங்க சில பேர் "ஆட்டிசம் ஹெட்போன்"னு நீல கலர்ல பொம்மை படம் ஒட்டி ரெண்டு மடங்கு வெலைக்கு போடுறாங்க, உள்ள இருக்குறது இதே சாமான் தான். சத்தத்த தவிர வேற பயம் எதையும் இது தொடாது. உதாரணத்துக்கு, லைப்ரரி போயிட்டு நேரா வீடுன்னு முடிவு பண்ணி கெளம்பியிருப்போம், வர்ற வழில அப்பா "அப்படியே அத்தை வீட்டுக்கும் ஒரு எட்டு போயிட்டு வந்துடலாமா, பக்கம் தான்"னு சொல்வாரு பாருங்க. அந்த "அப்படியே"வ தடுக்குற குஷன் இன்னும் யாரும் செய்யல. ஷேர் ஆட்டோல பக்கத்துல உக்காந்தவங்க தோள் இடிக்குறது, சென்ட் வாசனை, ட்யூப்லைட் மினுக்குறது, யாராவது திடீர்னு "எந்த காலேஜ்மா"ன்னு கேக்குறது, இதுக்கெல்லாம் வேற வேற வழி தான் பாக்கணும். நான் தொப்பி போடுறேன், ஜன்னல் சீட் கெடைக்குற நேரமா பாத்து போறேன், போற எடத்த முந்தின நாளே மேப்ல தெரு தெருவா பாத்து வச்சுக்குறேன். பயமே ரொம்ப முத்திப்போய் தூக்கம் சாப்பாடு போச்சுன்னா மஃப் வாங்குறத தள்ளி வச்சுட்டு டாக்டர பாருங்க. வெளிய போக முடியாததே பிரச்சனைன்னா போன் பண்ணலாம், 14416ன்னு கவர்மென்ட் டெலிமானஸ் லைன் 2022ல இருந்து இருக்கு, தமிழ்ல பேசுவாங்க, காசு கிடையாது. பேச வராத நேரத்துல போன் எப்படி பண்றதுன்னு கேட்டா அதுவும் நியாயம் தான், வீட்ல ஒருத்தர பேசச் சொல்லுங்க. ஆட்டிசமான்னே இன்னும் தெரியலன்னா முட்டுக்காட்டுல ஈசிஆர் மேல நீப்மெட்னு மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனம் இருக்கு, மத்திய அரசு நடத்துறது.

இத பெத்தவங்க யாராவது படிச்சா, குழந்தைக்கு வாங்குறதா இருந்தா பெரியவங்க சைஸ் வாங்காதீங்க, சின்ன தலைக்கு தனி சைஸ் இருக்கு. வாங்குனதும் கல்யாண மண்டப வாசல்ல வச்சு மொத தடவையா மாட்டி விடாதீங்க. வீட்ல விளையாட்டா கைல குடுங்க, அவங்களே மாட்டி கழட்டி பழகட்டும். பிடிக்கலன்னு பிடுங்கி எறிஞ்சா விட்டுடுங்க, அது வேண்டாம்னு தான் அர்த்தம். காதுல சீழ், வலி, கொப்பளம் இருந்தா ஆறுற வரைக்கும் எதையும் மாட்டக் கூடாது.

வாங்கும்போது பாக்க வேண்டியது கொஞ்சம் தான். காது முழுசா கிண்ணத்துக்குள்ள போகுதா, காது மடல் மேல ஏறி உக்காந்தா அர மணி நேரத்துல வலிக்கும். பட்டைய ரெண்டு பக்கமும் ஏத்தி எறக்க முடியுதா. தாடைய அசைச்சு பாருங்க, பேசும்போது இடைவெளி விழுதான்னு தெரியும். மடக்குற மாடல் பேக்ல அடங்கும், ஆனா எனக்கு அந்த மடக்குற எடத்துல வர்ற கிளிக் சத்தம் பிடிக்கல, அதனால மடங்காதது தான் எடுத்தேன். கருப்பு கலர்லயும் இதே மாடல் இருக்கு, 40 ரூபா ஜாஸ்தி, யாரும் பாக்கக் கூடாதுன்னா அது எடுங்க, பூக்காரம்மாகிட்ட தள்ளுபடி கெடைக்காது. பில் போடும்போதே குஷன் வளையம் தனியா கிடைக்குமான்னு கேட்டு ஒரு ஜோடி சேத்து வாங்கிடுங்க, எங்க கடைல 180 ரூபா சொன்னாங்க, அது கிடைக்காத மாடல்னா ஒரு வருஷத்துல முழு மஃப்பும் புதுசா வாங்க வேண்டியிருக்கும்.